பழைய தொடர்களில் ஆள், வீடு, நாள்: செட்டிநாட்டு ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளில் பழைய தொலைக்காட்சித் தொடர்களைத் திரும்பப் போட்டுப் பார்ப்பவர்கள் கூடும்போதெல்லாம் எழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை. எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. கன்டின்யூட்டி கன்டின்யூட்டிங்கிறீகளே, அப்படின்னா என்ன?

நேற்று காட்டியதும் இன்று காட்டுவதும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதுதான். தமிழில் தொடர்ச்சி என்கிறோம். அதில் மூன்று வகை உண்டு. சேலை, பொட்டு, கையிலிருக்கும் தம்ளர் போன்றவை கண்ணுக்குத் தெரியும் தொடர்ச்சி. யாருக்கு யார் என்ன முறை, யாருக்கு எந்த ரகசியம் தெரியும் என்பது கதைத் தொடர்ச்சி. வயது, மாதம், பண்டிகை எல்லாம் காலத் தொடர்ச்சி.

முதல் வகையில் பிழை பிடிப்பது சுலபம், ஆனால் அதில் பேச ஒன்றும் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும்தான் உட்கார்ந்து பேசத் தக்கவை. இங்கே அவற்றுக்கே அதிக இடம்.

2. ஒரு காட்சியில சேலை பச்சை, கதவைத் திறந்து உள்ள போனா நீலம். இதைக் கூடவா கவனிக்கல?

நீங்கள் பார்க்கும் வரிசையில் அவர்கள் எடுப்பதில்லை. ஒரு வீட்டு முகப்பில் நடக்க வேண்டிய காட்சிகளை, அவை பத்து வெவ்வேறு பகுதிகளுக்கு உரியவையாக இருந்தாலும், ஒரே நாளில் எடுத்து முடித்துவிடுவார்கள். உள்ளே நடப்பதை வேறொரு நாளில், பல சமயம் வேறொரு வீட்டில் எடுப்பார்கள். நடிகரின் கால்ஷீட் எந்த நாளில் கிடைக்கிறதோ அதுதான் வரிசையைத் தீர்மானிக்கும்.

இதைச் சமாளிக்க உதவி இயக்குநர் ஒருவர் நோட்டும் புகைப்படமும் வைத்திருப்பார். காட்சி எண், உடை, நகை, தலை வகிடு, எந்தக் கையில் பை என்று எழுதிக்கொள்வார். வாரத்துக்கு ஐந்து பகுதி கொடுத்தாக வேண்டிய அவசரத்தில் முதலில் நழுவுவது இந்த நோட்டுதான். கதவு தாண்டும் இடத்தில் பிழை அதிகம் வருவதற்குக் காரணம், கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒரே நாளில் எடுக்கப்படாதது. கதவு, படிக்கட்டு, காரில் ஏறி இறங்குவது ஆகிய மூன்று இடங்களிலும் கண்ணை வைத்தால் போதும்.

3. எத்தனையாவது பகுதி எந்தத் தேதியில வந்துச்சுன்னு கணக்குப் போட முடியுமா?

ஏறக்குறைய முடியும். திங்கள் முதல் வெள்ளி வரை வந்த தொடர் என்றால் வாரத்துக்கு 5, வருடத்துக்கு 260. கோலங்கள் தொடரை எடுத்துக்கொள்வோம். 2003 நவம்பர் 24 திங்களன்று தொடங்கி 2009 டிசம்பர் 4 வெள்ளியன்று முடிந்தது. மொத்தம் 315 வாரம். ஐந்தால் பெருக்கினால் 1575 நாள். வந்த பகுதிகளோ 1533. ஆக 42 நாள் தொடர் வரவில்லை. பண்டிகை நாட்களில் தொடரை நிறுத்திச் சிறப்பு நிகழ்ச்சி போடுவது வழக்கம். வருடத்துக்கு 7 நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது 700ஆவது பகுதி எப்போது? 700ஐ 5ஆல் வகுத்தால் 140 வாரம். அதற்குள் இரண்டே முக்கால் வருடம் ஓடிவிடுவதால் விட்டுப்போன நாள் 19 அளவில், அதாவது இன்னும் 4 வாரம். 144 வாரம் தள்ளினால் 2006 ஆகஸ்ட் கடைசி. முன்பின் இரண்டு வாரம் தவறலாம். பிற்காலத் தொடர்களில் சனிக்கிழமையும் சேர்ந்துகொண்டதால் அங்கே 5க்குப் பதில் 6.

வாரம் ஒருமுறை வந்தவற்றுக்கு இன்னும் சுலபம். தூர்தர்ஷன் ராமாயணம் 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை. அதற்குள் 80 ஞாயிற்றுக்கிழமை, பகுதிகள் 78.

4. இணையத்துல 412ன்னு போட்டிருக்கு, எங்க நோட்டுல 405. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். இணையத்தில் ஏற்றும்போது ஒரு மணி நேரச் சிறப்புப் பகுதியை இரண்டாக வெட்டி இரண்டு எண் கொடுப்பார்கள். சில சமயம் இரண்டு பகுதிகளை ஒட்டி ஒரே எண் போடுவார்கள். மறு ஒளிபரப்பில் முன்கதைச் சுருக்கத்தையும் பாட்டையும் நீக்கினால் நீளம் குறையும், எண்ணும் இடம் மாறும்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு பகுதிக்கும் முதல் வசனத்தையும் கடைசிக் காட்சி உறைந்து நிற்கும் முகத்தையும் எழுதி வையுங்கள். எண் எப்படி மாறினாலும் அந்த முகம் மாறாது.

5. அப்ப நோட்டு எப்படித்தான் போடறது? எல்லாத்தையும் எழுதினா கை வலிக்குதே.

எல்லாவற்றையும் எழுதக் கூடாது. நீளமான கணக்கு நோட்டில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஆறு கட்டம் போடுங்கள். பகுதி எண்ணோடு முதல் வசனம், கதையில் அன்றைக்கு என்ன நாள், எந்த இடம், யார் யாருக்குப் புதிதாக என்ன தெரிய வந்தது, வாய்விட்டுச் சொன்ன எண் அல்லது உறவுமுறை, சந்தேகம். ஒரு பகுதிக்கு நான்கு வரிக்கு மேல் போக வேண்டாம்.

நான்காவது கட்டத்தை யாரும் போடுவதில்லை, ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. மெகா தொடர் ஓடுவதே ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாததால்தான். கதைப் பிழையில் பாதி, தெரியாத ஆள் தெரிந்த மாதிரிப் பேசுவது. உயில் விவகாரம் மருமகளுக்கு 210இல்தான் தெரியும் என்று நோட்டில் இருந்தால், 190இல் அவர் அதைக் குத்திக்காட்டிப் பேசியது உடனே சிக்கும்.

ஆட்களுக்குத் தனியாகப் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், முதலில் சொன்ன வயது, யார் மகன், கடைசியாகக் கண்ணில் பட்ட பகுதி. கடைசி விவரத்தைப் பென்சிலால் எழுதுங்கள், அடிக்கடி அழிக்க வேண்டிவரும்.

6. 'இவருக்குப் பதில் இவர்'னு கார்டு போட்டா, அது அதே ஆளா புது ஆளா?

அதே ஆள். முகம் மட்டும் வேறு. நோட்டில் புதுப் பக்கம் தொடங்கக் கூடாது. பழைய பக்கத்திலேயே எந்தப் பகுதியிலிருந்து யார் நடிக்கிறார் என்று ஒரு கோடு போட்டுத் தொடருங்கள்.

நம் தொடர்கள் இதில் நேர்மையானவை, எழுத்தில் போட்டுவிடும். அமெரிக்காவின் பிவிட்ச்ட் தொடரில் 1969இல் டிக் யார்க் முதுகுவலியால் விலக, கணவன் டேரின் வேடத்தில் டிக் சார்ஜென்ட் வந்து உட்கார்ந்தார். கதைக்குள் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரிட்டனின் டாக்டர் ஹூ 1966இல் அதையே கதையாக்கியது; நாயகனான டாக்டருக்கு உடல் மாறிப் பிறக்கும் தன்மை உண்டு என்று வைத்துவிட்டார்கள், இன்றுவரை அந்த ஏற்பாட்டிலேயே தொடர் ஓடுகிறது. நாசூக்காகச் செய்தவர்கள் கிரனாடா நிறுவனத்தார். அவர்களின் ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரில் டேவிட் பர்க் போய் எட்வர்ட் ஹார்ட்விக் வாட்சனாக வந்தது 1986இல். ஹோம்ஸ் இறந்ததாக நம்பி மூன்று வருடம் கழிந்து அவர் திரும்பும் கதை அது. இடையில் வாட்சன் மூப்படைந்துவிட்டார் என்று பார்ப்பவர்கள் தாமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

7. முகம் அதேதான், குரல் மட்டும் மாறிப்போச்சே?

பழைய தொடர்கள் பலவற்றில் நடித்தவர் ஒருவர், பின்னணிக் குரல் கொடுத்தவர் வேறொருவர். குரல் கொடுப்பவர் மாறினால் கார்டு போடும் வழக்கம் இல்லை. இதைப் பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குறிப்பில் மட்டும் வையுங்கள். தேதி தெரியாத ஒரு துண்டுக் காட்சி எந்தக் காலத்தது என்று கண்டுபிடிக்க இந்தக் குறிப்பு பின்னால் உதவும்.

8. மெட்டி ஒலி கோபியும் நாதஸ்வரம் கோபியும் ஒரே ஆளாண்ணே?

இல்லை. இரண்டையும் இயக்கி, இரண்டிலும் கோபியாக நடித்தவர் திருமுருகன். அதனால்தான் மயக்கம். மெட்டி ஒலி, டெல்லி குமார் நடித்த சிதம்பரமும் அவருடைய ஐந்து பெண்களும் உள்ள குடும்பத்தின் கதை. நாதஸ்வரம், மௌலி தந்தையாக நடித்த வேறு குடும்பம். ஒன்றில் நடந்ததை மற்றதில் யாரும் நினைவுகூர்வதில்லை. ஒரு தொடரின் நிகழ்ச்சி இன்னொன்றில் பேச்சில் வந்தால்தான் இரண்டும் ஒரே உலகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரும் முகமும் ஒத்தது போதாது.

மர்மதேசம் இதற்கு நேர் எதிர். தலைப்பு ஒன்றுதான், ஆனால் ரகசியம், விடாது கருப்பு என்று ஒவ்வொன்றும் தனிக்கதை, தனி ஊர், தனி ஆட்கள். ஒன்றில் வந்த மர்மத்துக்கு மற்றதில் விடை தேடினால் கிடைக்காது.

9. நாதஸ்வரம் 1000ஆவது பகுதியை நேரலையா எடுத்தாகளே, அதுல பிழை எப்படி வராமப் பாத்தாக?

2014 மார்ச் 5இல் காரைக்குடியிலிருந்து ஒளிபரப்பானது. வெட்டே இல்லாமல் 23 நிமிடம் 25 நொடி ஒரே ஓட்டமாகப் போனது; கின்னஸ் பதிவும் கிடைத்தது. வெட்டு இல்லாவிட்டால் 2ஆம் கேள்வியில் சொன்ன பிழைகளுக்கு வழியே இல்லை. சேலை நடுவில் மாறாது, வெயில் குதிக்காது, தம்ளரில் காபி திடீரென்று நிரம்பாது. அதற்குப் பதில் வேறு ஆபத்துகள். வசனம் மறந்தால் மறந்ததுதான். ஆள் அடுத்த இடத்துக்கு ஓடிவந்து சேர நேரம் வேண்டும். கேமரா திரும்பும் திசையில் விளக்கும் ஆட்களும் இருக்கக் கூடாது.

தேதிக் கணக்கைச் சரிபார்க்கவும் இந்தப் பகுதி நல்ல அளவுகோல். தொடர் தொடங்கியது 2010 ஏப்ரல் 19. அன்றிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை எண்ணினால் 2014 மார்ச் 5 என்பது 1013ஆவது நாள். அன்று வந்தது 1000. நாலு வருடத்தில் 13 நாள் மட்டுமே தவறியிருக்கிறது, கோலங்களைவிடக் குறைவு. ஆக, வருடத்துக்கு 7 என்று 3இல் சொன்னது எல்லாத் தொடருக்கும் பொருந்தாது. தேதி உறுதியாகத் தெரிந்த ஒரு பகுதியை முளையாக அடித்துக்கொண்டு அங்கிருந்து முன்னும் பின்னும் எண்ணுவதே நல்லது.

10. முகப்பு ஒரு வீடு, வளவு இன்னொரு வீடுன்னு சொல்றாக. அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நம் ஊர் வீடுகளில் படம் பிடிப்பவர்கள் பலரும் செய்வது இது. வெளித்தோற்றத்துக்கு ஒரு பெரிய வீடு, உள்ளே எடுக்கச் சௌகரியமான இன்னொன்று. வீட்டின் அமைப்பு தெரிந்தவருக்கு ஒரு நிமிடம் போதும். முகப்பு, பட்டாலை என்னும் கூடம், நடுவில் வானம் பார்த்த வளவு என்னும் முற்றம், அதற்குப் பின் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வீடு ஒரே நேர்கோட்டில் தெருவிலிருந்து அடுத்த தெருவரை போகும். பெரும்பாலும் கிழக்கு மேற்காக. தலைவாசலில் நின்றால் பின்கட்டுக் கதவு தெரிய வேண்டும். ஒருவர் தலைவாசல் தாண்டி இடப்பக்கம் திரும்பி வளவுக்குள் நுழைந்தால், அது இரண்டு வீடு.

அடுத்து தூண். வளவைச் சுற்றி எத்தனை, கல்லா மரமா என்று எண்ணுங்கள். பிறகு தரை. ஆத்தங்குடிக் கல் கண்ணாடிப் பலகைமேல் சாயமும் சிமெண்டும் ஊற்றிக் கையால் செய்வது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். பூவேலையும் ஓரப் பட்டையும் வீட்டுக்கு வீடு வேறு. நடிகர் நடக்கும்போது காலைப் பாருங்கள், முகத்தையல்ல. ஒரு எச்சரிக்கை: இந்தக் கல் நடக்க நடக்கத்தான் பளபளப்பு ஏறும். அதே வடிவம் ஓரிடத்தில் மங்கலாகவும் ஓரிடத்தில் மின்னலாகவும் இருந்தால் வேறு வீடு என்று முடிவு கட்டாதீர்கள். புழக்கமில்லாத அறையாக இருக்கலாம்.

மூன்றாவது வெயில். வளவுக்குள் நிழல் கிழக்கே விழுந்தால் பொழுது சாய்கிறது. அந்தக் காட்சியில் 'காலைப் பலகாரம் ஆச்சா?' என்று கேட்டால் தவறு. இதைப் பிடிக்க நம் வீடுகளைப்போல் வேறெதுவும் உதவாது, நடுமுற்றமே கடிகாரம்.

11. ஒரே வீட்டுல ரெண்டு மருமக்கள் தனித்தனி அடுப்புல சமைக்கிறாக. சண்டை வந்த பகுதி விட்டுப்போச்சா?

எதுவும் விட்டுப்போகவில்லை. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், வீட்டில் கல்யாணமான மகனை வேறு வைப்பது முறை. அதே வீட்டில் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. அது ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக எண்ணப்படுவது. பாகம் பிரித்ததாகவோ பகை வந்ததாகவோ பொருளில்லை. இந்த வழக்கம் தெரியாத ஊர்க்காரர்கள் இதை விடுபட்ட கதை என்று சத்தியம் செய்வார்கள்.

உண்மையான பிழை எங்கே இருக்கும் தெரியுமா? வேறு வைத்த மருமகள் அடுத்த வாரமே மாமியாரிடம் வந்து இன்றைக்கு எல்லோருக்கும் என்ன சமைக்கட்டும் என்று கேட்கும்போது.

12. கதாநாயகி ஒருத்தியை ஒரு பகுதியில ஆச்சிங்கிறாக. அவளுக்கு முப்பது வயசுகூட இல்லையே?

மற்ற ஊர்களில் ஆச்சி என்றால் பாட்டி. இங்கே அக்காள், பொதுவாக மரியாதைக்குரிய பெண். இப்படியே அப்பச்சி என்றால் தகப்பனார், ஆத்தா தாய், அப்பத்தா தகப்பனாரைப் பெற்றவர், ஆயா தாயைப் பெற்றவர், ஐயா தாத்தா, அண்ணமிண்டி அண்ணன் மனைவி. இந்த வார்த்தைகளைச் சரியாகப் போட்ட தொடரையும் பிழை என்று எழுதியவர்கள் உண்டு.

ஆனால் ஒரே ஆள் ஒரு பகுதியில் அப்பச்சி, மறு பகுதியில் அப்பா, பிறகு நைனா என்று கூப்பிட்டால் அது வசனம் எழுதியவர் மாறியதன் அடையாளம். எந்தப் பகுதியில் மாறுகிறது என்று குறித்து, பெயர்ப்பட்டியலில் வசனகர்த்தா பெயரோடு ஒத்துப்பாருங்கள்.

13. தாத்தா பேரும் பேரன் பேரும் ஒண்ணாவே இருக்கு. யாரைச் சொல்றாகன்னே புரியல.

மூத்த மகனுக்குத் தகப்பனாரின் தகப்பனார் பெயரை வைப்பது வழக்கம். ஆகவே பழனியப்பன் மகன் முத்தையா, முத்தையா மகன் பழனியப்பன். பேரனின் விலாசம், அதாவது முன்னெழுத்துகளோடு கூடிய பெயர், பழ.முத்.பழனியப்பன். முதல் எழுத்து தாத்தா, இரண்டாவது தகப்பன், பிறகு தன் பெயர். தொடரில் பத்திரமோ அழைப்பிதழோ பெயர்ப்பலகையோ காட்டினால் படத்தை நிறுத்தி விலாசத்தைப் படியுங்கள். வசனத்தில் குழம்பியது அங்கே தெளிந்துவிடும்.

வீட்டுப் பெண்கள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் பிள்ளையைத் தம்பி, ராசா என்று வேறு பெயரில் அழைப்பதும் உண்டு. ஒரு பிள்ளைக்கு இரண்டு பெயர் என்று நோட்டில் இரண்டு பக்கம் போட்டுவிடாதீர்கள்.

பிள்ளை கூட்டிக்கொள்ளும் கதை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். சுவீகாரம் போன பிள்ளைக்குப் போன வீட்டின் விலாசமும் கோயிலும் வந்துவிடும். பெற்ற வீட்டில் அவன் பங்காளி இல்லை. அந்தப் பகுதிக்குப் பிறகும் பழைய விலாசத்தில் கையெழுத்துப் போட்டால் பிழை. அதற்கு முன்னால் நடந்ததைக் காட்டும் பின்னோக்குக் காட்சியில் புதிய விலாசம் இருந்தாலும் பிழை. இரண்டாவதை அநேகமாக யாரும் பார்ப்பதில்லை.

14. பங்காளி வீட்டிலேயே பொண்ணு கேக்குறாகளே, இது எந்த ஊர் நியாயம்?

நகரத்தாருக்கு ஒன்பது கோயில்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரைக்குடி, வேலங்குடி. ஒரு கோயிலார் பங்காளிகள். தங்களுக்குள் கொள்வினை கொடுப்பினை இல்லை. இரணியூரும் பிள்ளையார்பட்டியும் தங்களைச் சகோதரக் கோயிலாகவே கருதுவதால் அங்கேயும் சம்பந்தம் செய்வதில்லை. ஆனால் இளையாத்தங்குடிக்கும் மாத்தூருக்கும் உட்பிரிவுகள் இருக்கின்றன. கோயில் பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பிழை என்று எழுதாமல் பிரிவையும் சொல்கிறார்களா பாருங்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால் சந்தேகக் கட்டத்தோடு விடுங்கள்.

15. கல்யாணத்துல கனத்த கழுத்துரு, மறுநாள் சாதாரணச் சங்கிலியில தாலி. நகை மாறிப்போச்சு, சரிதானே?

சரியில்லை. கழுத்துரு என்பது நகரத்தாரின் கனத்த தாலி நகை, தினமும் போடுவதல்ல. திருப்பூட்டின்போது, அதாவது தாலி கட்டும்போது பூணுவது, பிறகு அறுபதாம் கல்யாணம் போன்ற விசேஷங்களில் வெளியே வரும். அன்றாடத்துக்குச் சங்கிலிதான். அடுப்படியில் கழுத்துருவோடு நிற்கவைத்தால்தான் பிழை, அதுவும் பெரிய பிழை.

16. பண்டிகைக் காட்சியை வச்சு கதை எந்த மாசம்னு சொல்லலாமா?

சொல்லலாம், பண்டிகை சரியாக இருந்தால். தீபாவளி, பொங்கல் காட்சிகள் ஒளிபரப்பு நாளை ஒட்டி வைக்கப்படுபவை. கதைக்குள் போன வாரம்தான் ஆடி என்று சொல்லியிருந்தாலும் இந்த வாரம் மத்தாப்புக் கொளுத்துவார்கள். இதைக் கதைக் காலமாக எடுக்காதீர்கள்.

நகரத்தாரின் பிள்ளையார் நோன்பு அப்படியல்ல. திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள், சஷ்டியும் சதயமும் கூடும் பொழுது, 21 இழைத் திரியை மாவிளக்கில் ஏற்றிச் சுடரோடு எடுத்துக்கொள்வது. இழை எடுக்கும் காட்சி வந்தால் மார்கழியை ஒட்டிய நாள் என்று தைரியமாக எழுதலாம். விநாயகர் சதுர்த்தியோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அதற்கும் இதற்கும் மூன்று மாதத்துக்கு மேல் இடைவெளி.

17. கதையில பத்து மாசம்தான் ஆகுது, பிள்ளை மட்டும் ரெண்டு வயசு வளந்துட்டானே?

வருடத்துக்கு 260 பகுதி, ஆனால் ஒரு கல்யாணமே இருபது பகுதி ஓடும். கதைக்காலம் நத்தை, நிஜக்காலம் குதிரை. பெரியவர்கள் முகத்தில் மைபூசிச் சமாளிக்கலாம். பிள்ளைகளை நிறுத்திவைக்க முடியாது. அதனால்தான் 'சில வருடங்களுக்குப் பிறகு' என்று தாவல் வருகிறது. தாவல் வந்த பகுதியைச் சிவப்பு மையில் எழுதி, எத்தனை வருடம் என்று சொன்னதையும் குறியுங்கள். எண் சொல்லாமல் தாவினால் பிள்ளையின் வகுப்பைக் கேட்டுக் கணக்கிடலாம்.

எல்லா நாட்டிலும் இந்த வியாதி உண்டு. அமெரிக்காவின் மேஷ் தொடர் கொரியப் போர் பற்றியது. போர் 1950 ஜூன் முதல் 1953 ஜூலை வரை, மூன்று வருடம் ஒரு மாதம். தொடர் 1972 முதல் 1983 வரை பதினோரு பருவம் (சீசன்). தொடரில் அந்தப் போருக்குள் மூன்றுக்கு மேல் கிறிஸ்துமஸ் வந்துபோனது.

18. மூத்த மகன்னு ஒருத்தன் இருந்தானே, எங்க போனான்? சாவும் காட்டல, ஊருக்குப் போனதாகவும் சொல்லல.

காணாமல் போனவர்களுக்கு என்று நோட்டில் தனிப் பக்கம் வேண்டும். 5இல் சொன்ன பென்சில் குறிப்பு இதற்குத்தான். கடைசியாகக் கண்ட பகுதியிலிருந்து நூறு பகுதி ஆளும் இல்லை, பேச்சும் இல்லை என்றால் அந்தப் பக்கத்துக்கு மாற்றுங்கள். அமெரிக்காவின் ஹேப்பி டேஸ் தொடரில் சக் என்ற மூத்த மகன் இப்படித்தான் மறைந்தான். கடைசியில் தகப்பன் தனக்கு இரண்டே பிள்ளைகள் என்று பேசும் அளவுக்குப் போனது.

மேஷ் தொடரின் நாயகனான மருத்துவர் ஹாக்கை இன்னும் மோசம். ஆரம்பத்தில் அம்மா, தங்கை என்று பேசுவார். பிற்பாடு ஒரே பிள்ளை, தாய் சிறுவயதிலேயே இறந்தவர். இதற்குச் சமாதானம் கண்டுபிடிக்க முயலாதீர்கள். எழுதியவர்கள் மனம் மாறினார்கள், அவ்வளவே. அதற்காக அமெரிக்கத் துப்பறியும் தொடரின் நாயகன் கொலம்போவின் மனைவியை இந்தப் பட்டியலில் சேர்க்கவும் கூடாது. அவர் பேச்சில் வந்துகொண்டே இருப்பவர், முகம் காட்டாமல் வைத்தது திட்டம்.

19. செத்தவர் திரும்பி வந்துட்டாக. நடுவுல நடந்ததெல்லாம் கணக்குல சேருமா?

தொடர் என்ன விளக்கம் சொல்கிறதோ அதைப் பொறுத்தது. சாகவே இல்லை, ஆற்றில் அடித்துப்போனார் என்றால் நடுவில் நடந்த எல்லாம் சேரும். இரட்டைப் பிறவி என்றால் புதுப்பக்கம். கனவு என்றால் எதுவும் சேராது.

கனவுக்குப் பேர்போனது அமெரிக்காவின் டல்லஸ். 1985இல் நாயகர்களில் ஒருவரான பாபி இறந்தார். 1986 மே மாதம் குளியலறையில் நின்றார். அந்தப் பருவம் முழுக்க அவருடைய முன்னாள் மனைவி கண்ட கனவு என்று இலையுதிர் காலத்தில் விளக்கம் வந்தது. சிக்கல் அதோடு முடியவில்லை. டல்லஸிலிருந்து கிளைத்த நாட்ஸ் லேண்டிங் தொடரில் பாபி இறந்தது இறந்ததாகவே நின்றுவிட்டது, கனவை அங்கே யாரும் பேசவில்லை. அந்த நாளிலிருந்து அவை இரண்டு உலகம். 8இல் சொன்ன விதியை இங்கே திருப்பிப் போட்டுப் பாருங்கள்: ஒரே உலகமாகத் தொடங்கியதும் பிரியலாம்.

20. ராமாயணத்துல லட்சுமணன் கோடு கிழிக்கிறாக. கம்பன்ல அது இல்லையே! பிழைதானே?

1939 முதல் கம்பன் கழகம் நடக்கும் காரைக்குடியில் இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். கோடு கம்பனில் இல்லை, வால்மீகியிலும் இல்லை. கம்பனில் இராவணன் சீதையைத் தீண்டாமல் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். வால்மீகியில் கையால் பற்றுகிறான்.

ஆனால் இது தொடர்ச்சிப் பிழை அல்ல. மூலத்திலிருந்து விலகுவது வேறு, தான் சொன்னதிலிருந்து தானே விலகுவது வேறு. கோடு கிழித்த தொடர் பின்னால் அந்தக் கோட்டை மறந்து பேசினால் மட்டும் அந்தப் பட்டியலுக்கு வரும். மூல வேறுபாடுகளைத் தனி நோட்டில் எழுதுங்கள், அது கம்பன் விழாப் பந்தலுக்கு வெளியே நின்று பேச நல்ல சரக்கு.

21. பழைய வீடியோ கேசட்டுல பதிஞ்சது இருக்கு, ஓரத்துல வெள்ளையாப் பூத்திருக்கு. போட்டுப் பாக்கலாமா?

போடாதீர்கள். அது பூஞ்சை. ஓடவிட்டால் கருவியின் ஹெட்டில் ஒட்டி அடுத்தடுத்துப் போடும் கேசட்டுக்கெல்லாம் பரவும், நாடாவும் அறுந்துபோகலாம். தனிப் பையில் போட்டுக் கட்டி, நாடா சுத்தம் செய்து மாற்றித் தருபவரிடம் கொடுங்கள். நன்றாக இருப்பவற்றைப் படுக்கவைக்காமல் புத்தகம்போல் நிறுத்தி, காற்றோட்டமான மரப்பெட்டியில் வையுங்கள். பூட்டிக் கிடக்கும் உள்ளறையும் மழைக்காலமும் சேர்ந்தால் ஒரு வருடத்தில் பூத்துவிடும்.

180 என்று எழுதிய கேசட்டில் சாதாரண வேகத்தில் 3 மணி நேரம், மெதுவான வேகத்தில் 6 மணி நேரம் பதியும். கணினிக்கு மாற்றும்போது விளம்பரங்களை வெட்டாதீர்கள். பகுதியின் தேதியைக் கண்டுபிடிக்கப் பல நேரம் அந்த விளம்பரம்தான் சாட்சி: தீபாவளித் தள்ளுபடி, வெளியாகப்போகும் படம், தேர்தல் அறிவிப்பு.

22. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, அந்தக் காட்சி வந்துச்சு. இப்பப் போட்டுப் பாத்தா இல்லவே இல்லை. யாரை நம்பறது?

சாட்சிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதல் ஒளிபரப்பில் பதிந்த கேசட் முதலிடம். அன்றன்றே எழுதிய நோட்டு அடுத்தது. மறு ஒளிபரப்பும் இணையப் பிரதியும் அதற்குக் கீழே, 4இல் சொன்ன காரணத்தால். ஞாபகம் கடைசி. மூன்று பேர் ஒரேமாதிரிச் சொன்னாலும் கடைசிதான், ஏனென்றால் மூவரும் முப்பது வருடமாக ஒரே திண்ணையில் பேசிக்கொண்டிருந்தவர்களாக இருப்பார்கள்.

ஆனால் ஞாபகத்தைத் தள்ளிவிடுவதற்கு முன் மூன்று இடங்களில் தேடுங்கள். அடுத்த பகுதியின் முன்கதைச் சுருக்கம். வெட்டிய காட்சி சில சமயம் அங்கே இரண்டு நொடி தப்பிப் பிழைத்திருக்கும். தலைப்புப் பாட்டின் காட்சிகள். தொடருக்கு அன்று போட்ட முன்னோட்ட விளம்பரம். எடுத்தும் ஒளிபரப்பாகாத காட்சிகள் அதில் வருவதுண்டு, பார்த்தவர் தொடரிலேயே பார்த்ததாக நினைத்துக்கொள்வார். மூன்றிலும் இல்லையென்றால் பகுதி எண்ணைப் போடாமல், சொன்னவர் எந்த வருடம் எந்த ஊரில் பார்த்தார் என்பதை மட்டும் சந்தேகக் கட்டத்தில் எழுதி வையுங்கள். எங்காவது ஒரு கேசட் கிடைக்கும்போது ஒத்துப்பார்க்கலாம்.